ஆறு மணி வேனும் ஒன்பதாம் விதியும்

சாயங்காலம் ஆறு மணி ஆனால் என் போனுக்குள் ஒரு வேன் ஓடும்... ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும் சத்தம், பத்துப் பதினைந்து பெண்கள் ஒரே நேரத்தில் பேசும் பேச்சு. அதற்கு நடுவில் ஒரு குரல் மட்டும் பக்கத்தில் கேட்கும்.

"மேடம், ஒரு டவுட்டு கேக்கட்டா?"

இன்றைக்கு என்னை கம்யூனிட்டி மேனேஜர் என்கிறார்கள். அன்றைக்கு அந்தப் பெயரெல்லாம் கிடையாது. தூத்துக்குடியில் எக்ஸ்போர்ட் டாகுமென்டேஷன் கோர்ஸ் ஒன்றுக்கு நான் கோஆர்டினேட்டர். முதல் வேலை. சனி, ஞாயிறு மட்டும் வகுப்பு. மற்ற ஐந்து நாளில் பாடம் மறந்துவிடக் கூடாது என்று, கோர்ஸை நடத்திய சார் ஒரு வாட்ஸப் குரூப் தொடங்கச் சொன்னார்.

"குரூப்பு உசுரோட இருக்கணும்மா. அது ஒம் பொறுப்பு."

எனக்குக் கிடைத்த டிரெய்னிங் அவ்வளவுதான்.

நான் சாத்தான்குளத்துக்காரி. அப்பா, அம்மா இருவருமே டீச்சர். சும்மா இருப்பேனா? முதல் நாளே பதினோரு விதி எழுதிப் போட்டேன். குட்மார்னிங் பூ கூடாது, ஃபார்வர்டு கூடாது... ஒன்பதாவது விதி, வாய்ஸ் நோட் கூடவே கூடாது. கேள்வியை டைப் செய்துதான் போட வேண்டும்.

மொத்தம் முப்பத்தெட்டுப் பேர். பாதிப் பேர் ஷிப்பிங் ஆபீஸ் ஆட்கள். சொந்தமாக உப்புக் கம்பெனி வைத்திருந்த ஆறுமுக அண்ணாச்சியும் இருந்தார். அப்புறம், தருவைகுளத்திலிருந்து வந்த சகாயராணி. இறால் கம்பெனியில் இறால் உரிக்கும் வேலை.

சேர்க்கைப் படிவத்தில் 'ஏன் இந்தக் கோர்ஸ்?' என்ற கட்டத்தில் மற்றவர்கள் இங்கிலீஷில் என்னென்னமோ எழுதியிருக்க, அவள் மட்டும் 'மாடிக்குப் போக' என்று எழுதியிருந்தாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சிரிக்காதீய மேடம். எங்க கம்பெனில கீழ இறாலு, மாடில ஆபீஸு. டாகுமெண்ட் பாக்குற அக்கா பிரசவத்துக்குப் போறாவ. ரெண்டு மாசத்துல டெஸ்ட் வைக்காவ. கீழ உள்ளவளும் எழுதலாம்னு மேனேஜர் சொல்லுதாரு."

குரூப்பில் யாரும் வாயே திறக்கவில்லை. நான் என்ன போட்டாலும் கட்டைவிரல் மட்டும் வரும். கேள்வி கேட்டது சகாயராணி ஒருத்திதான். அதுவும் எப்போதும் வாய்ஸ் நோட், எப்போதும் அந்த வேன் சத்தத்தோடு. இரண்டு முறை எச்சரித்தேன். மூன்றாவதாக ஒன்று வந்தது.

"எஃப்.ஓ.பி.ன்னா கப்பல்ல ஏத்துற வரைக்கும் நம்ம பொறுப்புங்கீய. ஏத்தும்போதே கிரேன்லருந்து பெட்டி விழுந்துட்டுன்னா அது யாரு தலைல விடியும் மேடம்?"

'விதி 9' என்று பதில் போட்டுவிட்டு அவளைக் குரூப்பிலிருந்து நீக்கினேன்.

இத்தனை வருஷம் கழித்து உண்மையைச் சொல்லிவிடுகிறேன்... அந்தக் கேள்விக்கு எனக்கும் பதில் தெரியாது.

அதற்குப் பிறகு மூன்று நாள் குரூப்பில் கட்டைவிரல்கூட வரவில்லை. நான்காம் நாள் அண்ணாச்சி போன் செய்தார்.

"ஏம்மா, அந்தப் பிள்ளைய ஏன் எடுத்தீய? நான் இத்தன வருசமா உப்பு ஏத்துதேன், அது கேட்டதுக்கு எனக்கே பதில் தெரியல. கேட்டா சிரிப்பாவளோன்னுதான் பேசாம கெடந்தேன். அந்தப் பிள்ள கேக்கும்னுதான் குரூப்பத் தொறக்கதே."

மனசு உறுத்தியது. அன்று சாயங்காலம் வேன் நேரம் பார்த்து சகாயராணிக்குப் போன் போட்டேன். ஏன் டைப் பண்ணவில்லை என்று கேட்டேன்.

"நாள் பூரா கை ஐஸ்லயே கெடக்கும் மேடம். வெளிய வந்து ஒரு மணி நேரத்துக்கு வெரலு ஊறிப்போயி மரத்துக் கெடக்கும். எழுத்தத் தொட்டா போனு கேக்க மாட்டேங்கு. மைக்க மட்டும் எப்படியாவது அமுக்கிக்கிடுவேன். வீட்டுக்குப் போயிட்டா போனு எனக்கு இல்ல, பிள்ளைக்குத்தான்." பிறகு, "நீங்க எடுத்தப்ப, அவ்வளவுதான், மாடி நமக்கு இல்லன்னு நெனச்சேன்" என்றாள்.

அவளைத் திரும்பச் சேர்த்தேன். ஒன்பதாம் விதியை எடுத்துவிட்டு, 'சகாயராணியை நீக்கியது என் தப்பு. அவள் கேட்டதற்கு எனக்கும் பதில் தெரியாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்' என்று குரூப்பிலேயே எழுதினேன்.

பத்து நிமிஷத்தில் ஹார்பரில் வேலை பார்க்கும் ஒருவரிடமிருந்து வாய்ஸ் நோட். பின்னால் லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம். "கப்பல்ல ஏறி உக்காருத வரைக்கும் நம்ம தலைதான் அக்கா." அடுத்து அண்ணாச்சி, உப்பளத்துக் காற்று இரைய, இன்னொரு சந்தேகம் கேட்டார். அன்று குரூப் தூங்கவே இல்லை. அதிலிருந்து ஆறு மணி ஆனால் எல்லாரும் சகாயராணியின் வேனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தோம்.

டெஸ்ட் முடிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு திங்கட்கிழமை காலை பதினோரு மணிக்கு அவளிடமிருந்து வாய்ஸ் நோட். வேன் இல்லை, பெண்கள் இல்லை, ஃபேன் சுற்றும் சத்தம் மட்டும்.

"மேடம்... மாடில இருந்து பேசுதேன்."

எத்தனை முறை போட்டுக் கேட்டேன் என்று கணக்கே இல்லை. அழுதேன் என்றும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது என் வேலையெல்லாம் ஆப்பில். உறுப்பினர் ஆயிரக்கணக்கில். புது ஆள் வந்தால் வரவேற்பு தானாகவே போய்விடுகிறது. நன்றாகத்தான் நடக்கிறது, குறை ஒன்றும் இல்லை. அந்தப் பழைய குரூப்பும் உயிரோடுதான் இருக்கிறது. தினமும் காலையில் அண்ணாச்சி ஒரு பூ போடுகிறார், நானும் விட்டுவிட்டேன். யார் சந்தேகம் கேட்டாலும் சகாயராணி அழகாக, பாரா பாராவாக டைப் செய்து பதில் போடுகிறாள்.

போன வாரம் ஏனோ ஆசையாக இருந்தது. 'ஏளா, பழைய மாதிரி ஒரு வாய்ஸ் நோட் போடேன்' என்று கேட்டேன்.

உடனே பதில் டைப் ஆகி வந்தது.

'ஆபீஸ்ல இருக்கேன் மேடம். இங்க வாய்ஸ் நோட் கூடாது. ரூல் போட்டதே நாந்தான்.'