குடைகளுக்கு நடுவே ஓர் ஓரம்

அந்தத் தீவைத் தேர்ந்தெடுத்தது தங்கைதான். தொண்ணூறுகளின் நடுவில் அவள் ஜெர்மனியில் அகதித் தஞ்சம் பெற்று, ஒரே அறையில் இன்னொரு பெண்ணோடு குடியிருந்தாள். அங்கே போய் நான் எங்கே படுப்பது? அவளோடு வேலை செய்தவர்கள் கோடை வந்தால் ஸ்பெயினின் மயோர்க்காத் தீவுக்குப் பறந்துவிடுவார்களாம். “நாங்களும் அங்கை சந்திப்பம் அண்ணா, கடல் இருக்கு,” என்றாள். பத்து வருடத்துக்கு மேலாக நாங்கள் ஒருவரையொருவர் பார்த்திருக்கவில்லை. சரி என்றேன்.

ஆக்லாந்தில் அப்போது ஜூன் மாத மழை. பென்ரோஸில் நான் வேலை செய்த பெயின்ட் கிடங்கில், சாப்பாட்டு நேரங்களில் பயண முகவர் கொடுத்த பளபளப்பான புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருப்பேன். இரண்டு பக்கமும் பாறை, நடுவே சின்னக் குடா, பச்சைத் தண்ணீர். மணல் எங்கே என்று தேடத்தான் வேண்டும், அத்தனை குடைகள். “ஏன், இங்கே கடல் இல்லையா?” என்று கூட வேலை செய்த சமோவாக்காரர் கேலி செய்வார். கடல் இருந்தது, தங்கைதான் இல்லை.

பயணத்துக்கு இரண்டு கிழமை இருக்கையில் கொழும்பிலிருந்து பெரியப்பாவின் மகன் தொலைபேசி எடுத்தார். யாழ்ப்பாணத்தில் அப்பா போய்விட்டார். போரால் பாதை பூட்டியிருந்ததால் செய்தி கொழும்புக்கு வருவதற்குள் செத்தவீடே முடிந்துவிட்டது. அம்மா போன பிறகு அப்பா தனியாகத்தான் இருந்தார். கொள்ளி வைக்க வேண்டிய மூத்த மகன் நான் அந்த நாளில் பெயின்ட் வாளி அடுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“தங்கச்சிக்குச் சொல்லிப்போடாதை,” என்றார் அவர். “தனிய இருக்கிற பிள்ளை. நீ எப்பிடியும் போறாய்தானே, நேரிலை சொல்லு.”

எங்கள் ஆட்களுக்கு இது ஒரு பழக்கம். தூரத்தில் இருப்பவரிடம் சாவை மறைத்து அவரைக் காப்பாற்றுகிறார்களாம். பெரிய காப்பாற்றல்! எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆனாலும் ஓம் என்றுதான் சொன்னேன்.

அதன்பிறகு எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. அதே புத்தகத்தில் இப்போது வேறொன்றைத் தேடினேன். அந்தக் குடாவில் ஒரு பெண் வாய்விட்டு அழுவதற்கு எங்கே இடம் இருக்கிறது? படத்தில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஐஸ்கிரீம் விற்பவன்கூட. பயண முகவரைக் கூப்பிட்டு, சனம் குறைந்த பக்கம் எது என்று கேட்டேன். பிரபலமான இடமென்றால் சனம் இருக்கத்தானே செய்யும் என்றாள் அங்கிருந்த பெண். காசைத் திருப்பிக் கேட்கப்போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ.

என் மனைவி மதுரைக்காரி. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடியும்வரை எங்களுக்கு மச்சம் ஆகாது என்று தெரிந்து, வீட்டில் மீனையும் இறைச்சியையும் நிறுத்தியிருந்தாள். நான் கூடத்தில் மேலும் கீழும் நடப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. “போன்லயே சொல்லிடுங்களேன். அவ என்ன கொழந்தையா? நீங்க நடக்குற நடையில கார்ப்பெட் தேயுது,” என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் இங்கே மாலையாகவும் அங்கே காலையாகவும் இருக்கும்போது தங்கையோடு கதைப்பேன். அவளும் ஒரு மாதிரியாகத்தான் இருந்தாள். முன்பெல்லாம் எதற்கெடுத்தாலும் சிரித்தவள் இப்போது கேள்வியாகக் கேட்டாள். விடியக் காலையில் சனம் வருமுன் குடாவுக்குப் போகலாமா? பாறைப் பக்கம் ஏறி உட்கார இடம் உண்டா? நானும் பொறுப்பான அண்ணனாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பற்றி அவள் கேட்டுவிடக் கூடாதே என்று பயந்தேனே தவிர, அவள் கேட்கவே இல்லை என்பது எனக்கு உறைக்கவில்லை.

புறப்படும் கிழமை அவளே எடுத்தாள். “ஹோட்டலுக்குச் சொல்லிட்டன் அண்ணா. ரெண்டு பேருக்கும் மரக்கறிச் சாப்பாடு.”

மீன் பொரியல் இல்லாவிட்டால் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவிட்டு எழும்பிப் போகிறவள் அவள். வெள்ளிக்கிழமை விரதத்துக்கே வீட்டில் சண்டை பிடிப்பாள். “சரி” என்று மட்டும் சொன்னேன்.

“என்ன, உங்களுக்கும் மரக்கறி எண்டு சொல்லுறன், நீங்கள் சண்டைக்கு வரேல்லை?” என்றாள்.

“உனக்கு ஆர் சொன்னது?”

“லண்டன் சித்தி. நேரிலை பாத்துச் சொல்லச் சொன்னவ. போனிலை சொன்னால் நீங்கள் உடைஞ்சு போவியளாம்.”

ஒருவர் அழுவதற்கு மற்றவர் பாறையில் இடம் தேடிக்கொண்டிருந்திருக்கிறோம். எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. பிறகு இரண்டு பேரும் அழுதோம். மனைவி தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டாள்.

கொஞ்சம் தெளிந்ததும் தங்கை கேட்டாள். “அண்ணா, கடைசி நேரத்திலை அப்பாவுக்குப் பக்கத்திலை ஆர் இருந்தது?”

எனக்குத் தெரியாது. கொழும்பிலிருந்து எடுத்தவரிடம் அதை நான் கேட்டிருக்கவே இல்லை. சொன்னேன்.

“நானும் சித்தியட்டைக் கேக்கேல்லை,” என்றாள். “உங்களுக்கு எப்பிடிச் சொல்லுறது எண்டே யோசிச்சுக்கொண்டு இருந்திட்டன்.”