அந்த ஆம்ப் ஒரிஜினல்

அந்தோணி அண்ணன் இறந்த செய்தி ஒரு போஸ்டராக வந்தது. நாங்கள் இருவரும் வேலை பார்த்த சிங்காநல்லூர் கார் ஆடியோ கடையின் வாட்ஸ்அப் குழுவில், காலை டீக்கு முன்பே போட்டிருந்தார்கள். அவர் முகத்தைவிடக் கடையின் பெயர் பெரிதாக இருந்தது. கீழே ‘நம்பிக்கைக்கு மறுபெயர்’ என்று ஒரு வரி. அதைப் படித்ததும் எனக்குச் செய்தியின் மீதே சந்தேகம் வந்துவிட்டது. அந்தக் கடையில் அவரை நம்புவதாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் எண்ணுக்கே அழைத்தேன். அவர் மனைவி ரோஸி அக்கா எடுத்தார். “நெசந்தான் அம்மணி. நெஞ்சு வலிக்குதுன்னாரு. ஆட்டோ வாரதுக்குள்ள போயிட்டாரு.”

அவரிடம் ஸ்பீக்கர் மாட்டிக்கொண்ட உங்களுக்கெல்லாம் தெரியும், மனிதர் எதையும் நம்பமாட்டார். செம்புக் கம்பி என்று உறையில் அச்சடித்திருந்தாலும் பிளேடால் சுரண்டிப் பார்ப்பார். உள்ளே அலுமினியம் வெளுத்துத் தெரிந்தால், “பவுடர் பூசுன மூஞ்சி” என்று தூக்கிப் போடுவார். நான் பில் போடும் மேசையிலிருந்து, “முடிஞ்சுதுங்களாண்ணா, வண்டிய அனுப்பட்டுங்களா?” என்று கேட்டால் ஒரே பதில்தான் வரும்: “ஓடறப்பப் பாடட்டும் அம்மணி. நிக்கறப்ப எல்லாரும் நல்லவங்கதான்.”

தாராபுரம் பக்கத்திலிருந்து ஒரு மில் முதலாளியின் கார் வந்தது. தோட்டம், மில், நாலு சங்கங்களில் தலைவர் பதவி என்று இருப்பவர். அந்தக் காரின் டிக்கியில் அண்ணன்தான் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் புது ஆம்ப் மாட்டிக் கொடுத்திருந்தார். சூடு மிஞ்சினால் அதில் சிவப்பு விளக்கு எரிந்து பாட்டு நின்றுவிடும். வழியில் அப்படித்தான் நிற்கிறது என்றார் டிரைவர். அண்ணன் எர்த் கம்பியைக் கழற்றி, போல்ட்டுக்கு அடியில் பெயிண்ட் இருக்கிறதா என்று பார்த்தார். பேட்டரியை அளந்தார். ஸ்பீக்கர் இணைப்பை மீட்டர் வைத்துச் சோதித்தார். டிக்கியைச் சாத்தி உச்சி வெயிலில் பாடவிட்டார். வெதுவெதுப்புக்கு மேல் சூடு ஏறவில்லை. கூடவே வந்து பார்க்கிறேன் என்று கேட்டார். “அய்யா வண்டீல கடக்காரங்கள ஏத்தறதில்லீங்க” என்று டிரைவர் கிளம்பிவிட்டார்.

அடுத்த வாரமே கார் திரும்பி வந்தது. இந்த முறை முதலாளியும் போனில் வந்தார். ஸ்பீக்கரில் போட்டதால் கடை முழுக்கக் கேட்டது. “ஒரிஜினல எடுத்துப்போட்டு டூப்ளிகேட்ட மாட்டீட்டானா உங்காளு? அவன் எந்த ஊரு, என்னன்னு விசாரிச்சுத்தான் வேலைக்கு வெச்சயா?”

எந்த ஊரு என்றால் என்ன கேள்வி என்று நம் பக்கத்தில் பிறந்த எல்லோருக்கும் தெரியும். எங்கள் கடைக்காரருக்கும் தெரிந்தது. எல்லோர் முன்னாலும் அண்ணனிடம், “இது முடியற வரைக்கும் ஒரு வண்டியவும் தொடாத அந்தோணி. வெளியில உக்காரு” என்றார். அண்ணன் போய் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். வேறொருவர் சரிபார்த்து அனுப்பிய கார் மூன்றாவது முறையும் வந்து நின்றது.

அன்று அண்ணன் எழுந்து டிக்கி அருகே போனார். “தொடாதன்னு சொன்னேனில்ல?” என்றார் கடைக்காரர்.

“தொடலீங்க. பாக்கறதுக்குத் தடையில்லீங்களே.” இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார். “அம்மணி, உன்ற போன்ல லைட்டு அடி.” அடித்தேன். ஆம்பின் அலுமினிய மடிப்புகளுக்கு நடுவே ஒரு ஜரிகை நூல் சிக்கி மின்னியது. அண்ணன் நிமிர்ந்து டிரைவரைக் கேட்டார்: “ஏனுங்க, இங்க வர்றதுக்கு முந்தி இதுல இருந்து என்னத்த எறக்கி வெச்சீங்க?”

டிரைவர் பதிலை அவரிடம் சொல்லவில்லை. என்னிடம் சொன்னார். நான் அவர்கள் சாதிதான் என்பதை முதல் நாளே விசாரித்து வைத்திருந்தார். “விசேசத்துல அய்யாவுக்குப் போத்தற பொன்னாடைங்க அம்மணி. டிக்கி நெறையக் கெடக்கும். அதைக் கண்ட கை தொடப்படாதுன்னு சொல்லிப்போட்டாருங்க. அதான் கடைக்கு வாரப்ப ஊட்டுலயே எறக்கி வெச்சுப்போட்டு வாரனுங்க.”

அண்ணன் சிரித்துவிட்டார். “என்ற கை படப்படாதுன்னு எறக்கி வெச்சிருக்காங்க. அதான் இங்க வந்தா ஆம்ப்பு குளுகுளுன்னு பாடுது.”

அந்தப் பொன்னாடைகளுக்குப் பதிலாக, கடையில் கிடந்த கார் கவரை மடித்து ஆம்பின் மேல் நான் போட்டேன். டிக்கியைச் சாத்திப் பாடவிட்டோம். சற்று நேரத்தில் பாட்டு நின்றது. திறந்தால் சிவப்பு விளக்கு.

போனில் விஷயத்தைக் கேட்ட மில் முதலாளி, “சரி சரி, வேற எடத்துல மாட்டிக் குடுக்கச் சொல்லு” என்று வைத்துவிட்டார். அண்ணன் கடைக்காரரிடம் ஒன்றே ஒன்று கேட்டார். “எல்லாரு முன்னாடியும் அது ஒரிஜினல்தான்னு நீங்க ஒரு வார்த்த சொன்னாப் போதுமுங்க.” “அதான் சரியாயிருச்சில்ல, உடு” என்றார் கடைக்காரர். குற்றம் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது. அதற்குப் பிறகு கடையில் ஒரு ஸ்க்ரூ காணாமல் போனாலும் முதலில் அண்ணனைத்தான் பார்த்தார்கள். அண்ணனும் அதன்பின் சூடாகிறது என்று வந்த ஒவ்வொரு வண்டிக்காரரிடமும் முதலில் அந்தக் கேள்வியைத்தான் கேட்டார்.

அடக்கத்துக்கு முன் வீட்டில் கடைக்காரர் பேசினார். “அந்தோணி மேல நாங்க ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லீங்க” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு உறையிலிருந்து ஒரு பொன்னாடையை எடுத்துப் பெட்டிக்குள் அண்ணன் நெஞ்சின் மீது விரித்தார். ரோஸி அக்கா அதை மடித்துக் கடைக்காரர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார். “எடுத்துக்குங்க சார். அவுருக்கு வேக்காடு ஆகாதுங்க.”

கடைக்காரரின் அந்தப் பேச்சைக் கேட்டபோது, இங்கே வருவதற்கு முன் என்னத்தை இறக்கி வைத்துவிட்டு வந்தீர்கள் என்று மனதுக்குள் கேட்டேன். அண்ணனிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொள்வது இந்தக் கேள்வியைத்தான்.

அவர் கேட்ட வார்த்தையைக் கடைக்காரர் சொல்லவில்லை. அவரைத் தெரிந்த எல்லோர் முன்னாலும் நான் சொல்கிறேன். அந்த ஆம்ப் ஒரிஜினல். அந்தோணி அண்ணன் மாட்டியதுதான்.