கிராணிக்கு மாலை போட்ட சுவர்

வீடியோ கேம் கடையில் வேலை பார்க்கிறவனை ஊரார் வேலை பார்க்கிறவனாக ஒத்துக்கொள்வதில்லை; அந்த விளையாட்டுகளைக் கிண்டல் செய்து படம் வரைகிறவனை வீட்டாரே ஒத்துக்கொள்வதில்லை. எண்பதுகளின் தொடக்கத்தில் மலேசியாவின் ஈப்போவில் நான் இந்த இரண்டு ஆளாகவும் இருந்தேன். கடை மாடியில் இருந்தது. சில்லறை மாற்றிக் கொடுப்பது, காசு சிக்கிய மெஷினைத் திறப்பது, மெஷினை உதைப்பவர்களிடம் காலை எடுக்கச் சொல்வது என் வேலை. கூட்டம் ஓய்ந்த நேரத்தில் பழைய நாள்காட்டித் தாளின் பின்பக்கத்தில் கறுப்பு மையால் சிரிப்புப் படம் வரைந்து சுவரில் ஒட்டுவேன். வாரம் ஒரு தாள். யாரிடமும் கற்றதில்லை, ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது மளிகைப் பொட்டலம் மடித்து வந்த தாள்களைப் பார்த்துப் பழகிய கை.

இப்போது பிள்ளைகள் இதையே கணினியில் வரைந்து இணையத்தில் போடுகிறார்களாம். முகம் தெரியாதவர்கள் வந்து திட்டிவிட்டுப் போகிறார்களாம். என் தம்பி மகள் காட்டினாள். எனக்குச் சுவர்தான் இருந்தது. திட்டியவர்கள் எல்லாரும் முகம் தெரிந்தவர்கள், மறுநாளும் வருகிறவர்கள். நாலு பேரைச் சிரிக்க வைக்கப் போய் மாட்டிக்கொண்ட அனுபவம் உங்களுக்கும் இருந்தால், கீழே வருவதில் பாதி உங்கள் கதைதான்.

ரோசாக்

எங்கள் தவுக்கே, அதாவது கடை முதலாளி, பக்கத்து ஊரான லகாட்டில் பிறந்த சீனர். அவருடைய அப்பா ரப்பர் தோட்டத்துக்குப் பக்கத்தில் மளிகைக் கடை வைத்திருந்ததால் இவருக்குத் தமிழ் வரும். கோபம் வந்தால் இன்னும் நன்றாக வரும், கடைசியில் ஊர் வழக்கப்படி ஒரு "லா" ஒட்டிக்கொள்ளும். ஒருநாள் ஒரு மெஷின் கெட்டுப்போனது. "ரோசாக்" என்று எழுதி ஒட்டச் சொன்னார். கெட்டுப்போனது என்பதற்கு எங்கள் ஊரில் எந்த இனத்தாரும் சொல்கிற மலாய்ச் சொல் அது. எழுதி ஒட்டினேன். அதை வாய்விட்டுப் படித்துவிட்டே காசு போட்டார்கள். காசு திரும்பி வரவில்லை என்று மெஷினை அறைந்தார்கள். அது பேசவில்லை என்றதும் என் பக்கம் திரும்பினார்கள்.

மறுநாள் எழுத்தை எடுத்துவிட்டுப் படம் போட்டேன். அந்த மெஷினின் விளையாட்டில் வருகிற விண்வெளிப் பூச்சி ஒன்று காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, கையில் காலிப் புட்டியோடு, தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் வரிசையில் நிற்கிறது. அந்த வரிசை தோட்டத்தில் வளர்ந்த எல்லாருக்கும் தெரியும். தலைவலிக்கும் கால்முறிவுக்கும் அதே சிவப்புத் தண்ணிதான் மருந்து. அன்றைக்கு ஒருவரும் அதில் காசு போடவில்லை. கெட்ட மெஷினைச் சுற்றி நின்று சிரித்தார்கள். ஓடுகிற மெஷின்கள் ஆளில்லாமல் தாமாகக் கூவிக்கொண்டிருந்தன. தவுக்கே அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு என்னிடம் வந்து சொன்னார்:

"கெட்டதுக்கு இவ்ளோ கூட்டம். நல்லதுலயும் ரோசாக்னு போட்டுடு லா!"

பெரட்டு

அப்போது எல்லாரும் ஆடிய விளையாட்டில் விண்வெளிப் பூச்சிகள் வரிசை வரிசையாக நின்று, பக்கவாட்டில் நகர்ந்து, ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கும். கீழே இருந்து நாம் சுட வேண்டும். மற்றவர்களுக்கு அது விண்வெளிப் போர். எனக்கு அது பெரட்டு. விடியுமுன் பால்மரம் வெட்ட, அதாவது ரப்பர் பால் எடுக்கப் போகிறவர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிடுவார்களே, அதுதான் பெரட்டு. பூச்சிகளுக்குத் தலையில் முண்டாசு கட்டினேன், கையில் பால்வாளி கொடுத்தேன். வரிசையின் கடைசியில் ஒன்று கொட்டாவி விட்டது.

அந்த விளையாட்டில் அவ்வப்போது திரையின் உச்சியில் ஒரு சிவப்புப் பறக்கும் தட்டு குறுக்கே ஓடும். யாரையும் திரும்பிப் பார்க்காது. அதை அடித்தால் புள்ளிகள் கொட்டும், ஆனால் லேசில் அடிபடாது. அதைத் தோட்டத்துக் கிராணியாக வரைந்தேன். பெரட்டில் பெயர் பதிகிற ஆபீஸ் உத்தியோகஸ்தர் அவர். சைக்கிள், கறுப்புக் குடை, வட்டக் கண்ணாடி, காதிடுக்கில் பேனா, தலையில் வெயில் தொப்பி. அடுத்த வாரமே கடையில் அந்தத் தட்டுக்குக் கிராணி என்று பெயர் நிலைத்துவிட்டது. தமிழே தெரியாத சீன மெக்கானிக்குகள் கூட "கிராணி! கிராணி!" என்று கத்துவார்கள்.

தாப்பா ஊருக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டராக இருந்த செல்வம் பல நாள் முயன்று ஒருநாள் அதை அடித்துவிட்டார். பெரட்டுக்குப் பிந்தி வந்தால் கிராணி அரைப்பேர் போடுவார், அதாவது அரைநாள் கூலிதான். செல்வம் திரையைப் பார்த்துக் கைகூப்பினார்:

"கோவிச்சுக்காதீங்க ஐயா. எங்கப்பாவுக்கு அரைப்பேர் போட்டீங்கல்ல, அதுக்குத்தான்."

கையை நீட்டிய பந்தயக்காரர்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு லாரி ஓட்டிய முனியாண்டி அண்ணன், லாரியில் ஒரு கோழியைக்கூட இடித்ததில்லை என்று பெயரெடுத்தவர். எங்கள் கடையின் கார் பந்தய மெஷினில் அவர் முதல் சுற்றைத் தாண்டியதே கிடையாது. வளைவு வந்தால் வேகத்தைக் குறைப்பார். பின்னால் வருகிற காருக்கு ஒதுங்கி வழிவிடுவார். திரும்புவதற்கு முன் வலது கையை வெளியே நீட்டி சைகை காட்டுவார். பக்கத்து மெஷினில் ஆடுகிறவர் கன்னத்தில் அந்தக் கை படும். அதற்குள் நேரம் முடிந்துவிடும்.

அதை அப்படியே வரைந்தேன். பந்தயம் முடிந்துவிட்டது. கொடி காட்டியவர் வீட்டுக்குப் போய்விட்டார், பார்க்க வந்தவர்களும் இல்லை. அண்ணன் மட்டும் காருக்குப் பதில் லாரியில், கடைசி வளைவில் கையை நீட்டியபடி மெதுவாக வருகிறார். படத்தின் முன் வெகுநேரம் நின்றார். அவருடைய கை என் தொடை அளவு இருக்கும், அதனால் நான் கல்லாவுக்குப் பின்னால் நின்றேன். கடைசியில் திரும்பினார்:

"படம் சரிதான் தம்பி. ஆனா லாரியில லோடு இருக்குன்னு எழுதலையே. லோடு வச்சிக்கிட்டு எவனாச்சும் வேகமாப் போவானா?"

ஆகாயத்தில் ஒருத்தி

எங்களுக்குக் கீழே ஒரு தையல் கடை. ஆட்டத்தில் தோற்றவர்கள் தரையைக் காலால் உதைக்கும்போதெல்லாம் பலகை இடுக்கிலிருந்து தூசி கொட்டி, கீழே தைத்து வைத்த ரவிக்கைகளில் விழும். ஒருநாள் அங்கிருந்து ஒரு பெண் தூசி படிந்த ரவிக்கையைக் கையில் தூக்கிக்கொண்டு படியேறி வந்தாள். இந்திராணி. பின்னாளில் என் மனைவி, இப்போது இல்லை. தவுக்கே அவளைப் பார்த்ததும் சாப்பிடப் போய்விட்டார். நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. சுவரில் இருந்த படங்களை ஒன்றுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவும் இல்லை.

"தோட்டத்துல பாதிப்பேரு பொம்பளைங்க," என்றாள். "ஆகாயத்துக்கு ஒருத்தி கூடப் போகலையா?"

அந்த வாரமே தலையில் விளக்குக் கட்டிய பெண்பூச்சி ஒன்றை இந்திராணியின் சாயலில் வரைந்தேன். சுடுகிறவன் குண்டு தீர்ந்து நிற்கும்போது பால்வாளியால் அவன் தலையில் ஒன்று போடுவாள். அவளைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். இந்திராணியும் வாராவாரம் வந்தாள். தூசி கொட்டாத வாரமும் வந்தாள். ஒன்று சொல்லி ஒன்று பேசி, கலியாணம் என்பதுவரை வந்துவிட்டோம்.

அதில்தான் சிக்கல். அவர்கள் யாழ்ப்பாணத்து வழி. ஆபீஸ் உத்தியோகக் குடும்பம். நாங்கள் பால்மரம் வெட்டியவர்கள். அந்தக் காலத்தில் இந்த இரண்டு வீட்டுக்கும் நடுவே சம்பந்தம் பேசுவது அபூர்வம். அவளுடைய அப்பா முடியாது என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மாப்பிள்ளை வேலை செய்யும் இடத்தைப் பார்த்துவிட்டுத்தான் பேசுவாராம். எனக்கு நம்பிக்கை வந்தது. அப்பா என்ன வேலை பார்த்தார் என்று அப்போதுதான் கேட்டேன். இந்திராணி சுவரைப் பார்த்தாள், பிறகு தரையைப் பார்த்தாள்:

"தோட்டத்துல கிராணியா இருந்தவரு. ஞாயித்துக்கிழமை வாராரு."

எலுமிச்சம்பழம்

கிராணி படங்களைக் கிழித்துவிட்டால் போயிற்று என்று ஞாயிற்றுக்கிழமை காலை சீக்கிரமாகவே போனேன். அன்றைக்கு ஆயுத பூஜை என்பது கடைக்குள் நுழைந்து சாம்பிராணி வாடை அடித்ததும்தான் நினைவுக்கு வந்தது. முனியாண்டி அண்ணன் லாரிக்குப் பூஜை போட்டுவிட்டு, மீதிச் சாமான்களோடு எங்கள் கடைக்கு வந்திருந்தார். எல்லா மெஷினுக்கும் திருநீறும் சந்தனமும் பூசியாகிவிட்டது. தவுக்கே தன் பங்குக்கு ஒவ்வொன்றுக்கும் ஊதுபத்தி செருகியிருந்தார். அண்ணன் கார் மெஷினின் நாலு மூலையிலும் எலுமிச்சம்பழம் வைத்துவிட்டு யோசித்துக்கொண்டிருந்தார். லாரி என்றால் ஓட்டிப் பழத்தை நசுக்கலாம். இது நகராதே. கடைசியில் நாலு பேர் சேர்ந்து மெஷினைத் தூக்கிப் பழத்தின்மேல் பொத்தென்று வைத்தார்கள். தவுக்கே கத்தியது தெருக்கோடிச் சீனக் கோயில் வரை கேட்டிருக்கும்.

அதற்குப் பிறகுதான் சுவரைப் பார்த்தேன். படங்களுக்கெல்லாம் குங்குமம் வைத்திருந்தார்கள். நடுவில் பெரிதாக இருந்த கிராணியின் படத்துக்கு மட்டும் மல்லிகை மாலை, கீழே குத்துவிளக்கு. ஓடிப்போய்க் கையை வைத்தேன். அண்ணன் என் மணிக்கட்டைப் பிடித்தார்:

"எனக்கு லாரி, உனக்கு இதுதான தம்பி ஆயுதம்? சாமிக்கு வச்சாச்சு. நாளைக்குத்தான் தொடணும்."

மாலை

இந்திராணியின் அப்பா வந்தார். சைக்கிள் மட்டும்தான் இல்லை. கறுப்புக் குடை, வட்டக் கண்ணாடி, சட்டைப் பையில் பேனா. அவரை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை. நான் வரைந்தது எங்கள் தோட்டத்துக் கிராணியை. ஆனால் கிராணிகள் எல்லாரும் ஒரே அச்சு என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பூஜை நாள் என்பதால் மெஷின்கள் எல்லாம் அணைந்திருந்தன. கடை கோயில் போல அமைதியாக இருந்தது. அவருக்கு அது பிடித்தது போலத்தான் தெரிந்தது. கண் நேராகச் சுவருக்குப் போனது. மாலை, பொட்டு, விளக்கு. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு, குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்:

"இவர் எப்ப தம்பி காலமானவர்?"

உதவி செய்வதாக நினைத்து முனியாண்டி அண்ணன் முந்திக்கொண்டார்: "ஐயையோ, சாகலைங்கய்யா! எத்தனை தடவை சுட்டாலும் திரும்ப வந்துருவாரு!"

"ஆர் சுடுறது?"

"எல்லாரும்தாங்கய்யா!"

அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ஆஸ்பத்திரிப் படத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெரட்டுப் படத்தின் முன் அதிக நேரம் நின்றார். தவுக்கே நீட்டிய கடலைத் தட்டை வாங்கவில்லை. கடைசியில் என் பக்கம் திரும்பினார். "தொப்பி பிழை," என்றார். "தொப்பி வெள்ளைக்காரத் துரைக்கு. எங்களுக்குக் குடை மட்டுந்தான்." செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

அண்ணன் படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டு வந்து கேட்டார்:

"அப்ப, தொப்பியை எடுத்துட்டா பொண்ணு கிடைக்குமா தம்பி?"

துரை

மறுநாள் விளக்கை எடுத்ததும் முதல் வேலையாகத் தொப்பியைச் சுரண்டிவிட்டு வழுக்கை வரைந்தேன். சாயங்காலம் கடை நிறைந்திருந்தபோது இந்திராணியின் அப்பா தனியாகப் படியேறி வந்தார். நேராகச் சுவருக்குப் போய்ப் படத்தின் தலையைப் பார்த்தார். என்னிடம் வந்து சில்லறை மாற்றினார். "எங்கை அந்தக் கிராணி?" என்று கேட்டார். காட்டினேன். குடையை மெஷினின் விளிம்பில் மாட்டிவிட்டு ஆடத் தொடங்கினார்.

மூச்சு விடுவதற்குள் தோற்றார். இன்னொரு காசு போட்டார். பக்கத்து மெஷினில் இருந்த கண்டக்டர் செல்வம், ஆள் யார் என்று தெரிந்தே தன் ஆட்டத்தை விட்டுவிட்டு வந்து, "இடப்பக்கம் ஒதுங்குங்க ஐயா, இப்ப வருவாரு," என்று சொல்லிக்கொடுத்தார். உச்சியில் கிராணி ஓடியது. வழக்கமாகக் கத்துகிற கடை அன்றைக்கு ஒரு சத்தமும் போடவில்லை. அவர் சுட்டார், தவறியது. மறுபடியும் சுட்டார், அதுவும் தவறியது.

"என்ன ஓட்டம் ஓடுறான்," என்றார் திரையைப் பார்த்தபடி. "இவனுக்கு மேலை துரை நிக்கிறதை நீர் படத்திலை கீறேல்லை தம்பி. அவனுக்குப் பயந்துதான் இந்த ஓட்டம்."

செல்வம் சிரித்துவிட்டார். அவரும் சிரித்தார். பிறகு பையில் காசைத் துழாவிக்கொண்டே, ஆட்டத்தைப் பற்றிக் கேட்பது போல என்னிடம் கேட்டார்: "அப்ப, கலியாணத்துக்குப் பிறகும் நான் காசு போட்டுத்தான் விளையாடோணுமோ?"

பதில் கல்லாவிலிருந்து வந்தது, தவுக்கேயின் குரலில்:

"கண்டிப்பா போடணும் லா, மாமா!"

அந்தக் கடையும் சுவரும் போய் எத்தனையோ காலம் ஆகிவிட்டது; இன்று என் வீட்டுச் சுவரில் மாலை போட்டிருக்கும் ஒரே படம் ஸ்டூடியோவில் எடுத்தது, நான் வரைந்ததாக இருந்தால் அடுத்த காசு போட்டதும் இந்திராணி பால்வாளியோடு திரும்பி வந்திருப்பாள்.