சீவுளி எரிந்த காரணம்

உருத்திரபுரத்தில் எங்கள் வீட்டு விறாந்தையில்தான் முதலில் தச்சு வேலை செய்துகொண்டிருந்தேன். வலது தோளில் பழைய காயம் இருந்ததால் கைச்சீவுளியைத் தள்ளினால் அரை மணித்தியாலத்தில் விரல்கள் விறைத்துவிடும். அதனால் ஒரு மின்சாரச் சீவுளி வாங்கினோம். ஒரு வருட வொறன்ரி; அதற்குள் பழுதானால் கொம்பனியே திருத்தித் தரும்.

மரத்தூள் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு முட்டு வருத்தம். ஒருநாள் சுவரைப் பிடித்தபடி மூச்சுக்குத் தவித்தாள். அன்றே வேலையை வளவின் கோடியில் நின்ற வேம்பின் கீழ் மாற்றினேன். அவ்வளவு தூரத்துக்குக் கரண்ட் கொண்டுபோக, கையில் இருந்த மெல்லிய வயர்களை ஒன்றோடொன்று முடிந்து நீட்டினேன்.

மூன்றாம் மாதம் சீவுளி சோர்ந்துபோனது. முதிரைப் பலகையில் வைத்தால் பாதியில் திணறி நிற்கும். அதன் உடம்பு தொடமுடியாமல் சுடும். அலகைத் தீட்டினேன். தூள் அடைத்த வாயைத் துடைத்தேன். மோட்டாருக்குக் கரண்ட் கொடுக்கும், வெளியிலிருந்தே கழற்றக்கூடிய காபன் துண்டுகளை மாற்றினேன். இரண்டு நாள் ஓடியது. மூன்றாம் நாள் உள்ளே நீலமாகப் பொறி தெறித்து, எரிந்த மணத்தோடு நின்றுவிட்டது. திறந்து பார்க்கக் கை துடித்தது. திருகாணியைக் கழற்றினால் வொறன்ரி போய்விடும் என்று மனைவி தடுத்தாள்.

கிளிநொச்சியில் வாங்கிய கடைக்கே கொண்டுபோனேன். கடைக்காரர் அதிகம் பேசாதவர். பற்றுத்துண்டு எழுதித் தந்து, கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்றார்.

நான் பாதி சீவி வைத்திருந்த பலகைகள் தனியே வாழும் ஒரு பெண்ணின் வாசற்கதவுக்கானவை. மாரிக்கு முன் வேண்டும் என்று கேட்டிருந்தார். தறப்பாள் கட்டிய வாசலோடு இரண்டு மழையைப் பொறுத்தார். பிறகு லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தோடு வந்து பலகைகளை ஏற்றிக்கொண்டு போனார். என்னை ஒரு சொல் ஏசவில்லை.

ஏழாம் வாரம் கடைக்காரர் வரச்சொன்னார். சீவுளி திருத்தப்படாமலே திரும்பியிருந்தது. மோட்டாரின் கம்பிச்சுற்று முழுவதும் கருகிவிட்டதாம். தூரத்துக்கு மெல்லிய வயரில் ஓட்டினீர்களா என்று கேட்டார். வேம்பின் கீழ் போனதையும், ஏன் போனேன் என்பதையும் சொன்னேன்.

"கரண்ட் போதாமல் இழுத்திழுத்து எரிஞ்சிருக்கு அண்ணை. கொம்பனி ஏற்காது. நானும் கேட்டுப் பாத்தன்."

வீட்டுக்கு வந்து, ஏமாற்றிவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். காரணத்தைச் சொன்னால் அவள் பழியைத் தன்மேல்தான் போட்டுக்கொள்வாள்.

பத்து நாள் கழித்து அவள் அந்தக் கடைக்காரரைச் சந்தையில் கண்டிருக்கிறாள். சனத்துக்கு நடுவில், எங்கள் பிழைப்பில் மண் போட்டவர் என்று திட்டித் தீர்த்தாளாம். அவர் மரக்கறிப் பையோடு பேசாமல் நின்றாராம்.

"பிழை செய்த ஆள்தானே, தலையைக் குனிஞ்சுகொண்டு நிண்டார்" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு திருப்தியை நான் மாதக்கணக்கில் கண்டதில்லை.

அதற்குமேல் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன்.

"அந்த மனிசனுக்கு இது தெரியுமோ?"

"ஓம். நான் சொன்னனான்."

"தெரிஞ்சும் அவர் என்னட்டை வாய் திறக்கேல்லை. நீங்களும் திறக்கேல்லை."

மறுநாள் இருவரும் கடைக்குப் போனோம். அவர் கதிரை எடுத்துப் போட்டார். அவள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்ததும், "விடுங்கோ அக்கா" என்று மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினார். அவள் அழுதாள். சந்தையில் நின்று கேட்ட சனத்திடம் போய் இதைச் சொல்ல எங்களால் முடியாது என்பது மூவருக்குமே தெரிந்திருந்தது.

இப்போது நான் பட்டினத்தில் மரம் அரிந்து விற்கும் ஒரு மரக்காலையில் கூலிக்கு நிற்கிறேன். வேறு சீவுளி வாங்கவில்லை. தனக்கு மூச்சு இறுகும் நாட்களை அவள் எனக்குச் சொல்வதை நிறுத்திவிட்டாள். தனியாகவே ஆஸ்பத்திரிக்குப் போய்வருகிறாள். மேசையில் கிடக்கும், டொக்டர் எழுதிக்கொடுக்கும் கிளினிக் கொப்பியைப் பார்த்துத்தான் நான் அறிந்துகொள்கிறேன்.