வட்டத்தின் மேல்பாதி

பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கும் எனக்கு ஒரே ஒரு கர்வம் உண்டு. காம்பஸ் இல்லாமல் கரும்பலகையில் வட்டம் போடுவேன். முழங்கையை மடக்காமல், தோளை மட்டும் சுழற்றி, ஒரே வீச்சில். தொடங்கிய இடத்திலேயே சாக்பீஸ் வந்து நிற்கும். கடைசி பெஞ்சுகூட ஒரு நொடி பேச்சை நிறுத்தும்.

போன ஜனவரியில் ஃபேன் துடைக்கும்போது வலது தோளில் சுருக்கென்றது. என் வீட்டுக்காரர் நிலக்கரி மைன்ஸில் கன்வேயர் பெல்ட் பராமரிப்பில் இருக்கிறார். பெல்ட் உருளைகளின் பேரிங் சத்தம் கேட்டே தலை நரைத்தவர். என் தோளிலும் காதை வைத்துக் கேட்டார்.

"உள்ள என்னமோ உரசுது. சத்தம் வந்த பேரிங்க ஓட்டவே கூடாது. ஷட்டவுன்."

பழைய வேட்டியைக் கிழித்துக் கையைக் கழுத்தோடு கட்டிவிட்டார். ஆறு வாரம்! ஷிப்ட் முடிந்து வந்து அவரே சமைத்தார், தலை பின்னிவிட்டார். பின்னலும் கன்வேயர் பெல்ட் மாதிரித் தட்டையாகத்தான் வந்தது. நானும் சுகமாக இருந்துவிட்டேன். வகுப்பில் நான் சொல்லச் சொல்ல ஒரு மாணவி பலகையில் எழுதினாள்.

கட்டை அவிழ்த்தபோது கை நெஞ்சுக்கு மேல் எழவில்லை. தலைமையாசிரியை அன்பாகத்தான் சொன்னார்: "ஜூன்ல கை சரியாகலேன்னா பத்தாவத வேற டீச்சர் பாக்கட்டும். நீங்க லைப்ரரியப் பாத்துக்குங்க." அன்று சாயங்காலமே இருவரும் பிசியோதெரபிஸ்டிடம் போனோம்.

பிசியோதெரபிஸ்ட் குறிஞ்சிப்பாடிப் பெண். "யாருங்க இதக் கட்டிப் போட்டது?" என்றார். என் வீட்டுக்காரர் சுவரில் இருந்த காலண்டரைப் படிக்க ஆரம்பித்தார்.

அந்தப் பெண் பிளாஸ்டிக் எலும்பு ஒன்றை எடுத்துக் காட்டினார். "பந்து எவ்ளோ பெருசு, அது ஒக்காந்துகினு இருக்கிற குழி எவ்ளோ சின்னது, பாருங்க. அதனாலதான் எல்லாப் பக்கமும் சுத்துது. சுத்தி ஒரு பை இருக்குதுங்க. ஆட்டாம வச்சிகினு இருந்தா அந்தப் பை சுருங்கி ஒட்டிக்கும். வலிக்குமேன்னு பயந்தா தசையும் சேந்து இறுகிக்கும்."

கையைத் தூக்குவது மூட்டு மட்டும் செய்யும் வேலை இல்லையாம். முதுகில் உள்ள தோள்பட்டை எலும்பும் வழுக்கித் திரும்பவேண்டும். மூட்டுக்கு இரண்டு பங்கு, பட்டைக்கு ஒரு பங்கு. மூட்டு ஒட்டிக்கொண்டால் பட்டை முந்திக்கொண்டு காதுவரை ஏறி, கை உயர்ந்ததாக ஏமாற்றும். "அத அமுக்கிப் புடிச்சிக்குங்க சார்," என்று என் வீட்டுக்காரருக்கு வேலை கொடுத்தார்.

அன்றிலிருந்து தினமும் குவார்ட்டர்ஸ் பின்சுவரில் விரல்களை நண்டுபோல் ஏற்றினேன். பின்னால் நின்று பட்டையை உள்ளங்கையால் அமுக்கிக்கொண்டு, எட்டிய இடத்தில் அவர் பென்சிலால் கோடு போட்டார். மே மாதம் முழுக்கக் கோடு ஏறியது. என் உச்சந்தலை உயரத்துக்கு வந்ததும் நின்றுவிட்டது. அந்தக் கோட்டைப் பார்த்தாலே எனக்குத் தோள் இறுகும்.

பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் அதே சுவரில் வட்டம் போட்டுப் பார்த்தேன். கீழ்பாதி அழகாக வந்தது. மேல்பாதி கல்லில் ஒட்டிப் பிய்ந்த தோசை. சாக்பீஸை விட்டெறிந்தேன்.

"எல்லாம் என்னாலதான்," என்றார் பின்னால் நின்றிருந்த என் வீட்டுக்காரர். "பேரிங்குக்கும் பொண்டாட்டிக்கும் வித்தியாசம் தெரியாதவன் நான்."

அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு அது தாங்காது. தாங்கவில்லையென்றால் கோபம்தான் வரும். பள்ளியில் பிள்ளைகளைக் குட்டக்கூடாது என்று ஆனபிறகு, என் குட்டுக்கு மிச்சமிருந்த ஒரே தலை அவருடையது. என்னைவிட முக்கால் அடி உயரத்தில் இருந்த அந்தத் தலை நாலைந்து மாதமாகத் தப்பித்து வந்தது.

"லூசு மாதிரி பேசாதீங்க!" என்று உச்சியில் நங்கென்று ஒன்று வைத்தேன்.

வைத்த கை அங்கேயே இருந்தது. வலது கை. இரண்டு பேரும் அசையவில்லை. பிறகு அவர் தலையில் என் கையோடு மெதுவாகப் பின்வாங்கிச் சுவரில் சாய்ந்து, சட்டைப்பையில் பென்சிலைத் தேடி, தன் தலைக்கு மேல் ஒரு கோடு போட்டார். பழைய கோட்டுக்கு மேலே ஒரு சாண் இருக்கும்.

"வலிக்குதா?" என்றேன்.

"இன்னொண்ணு வை."

மறுநாள் பத்தாம் வகுப்பில் வட்டம் போட்டேன். மேலே லேசாகச் சப்பைதான். ஆனால் தொடங்கிய இடத்துக்கு வந்து சேர்ந்தது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். அவர் என் முன்னால் வந்து தலையைக் காட்டிக்கொண்டு நின்றார், குனியாமல்.