இருக்கையில் இல்லாதவர்

மாடிப்படியின் சரிவுக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கும் ஓர் அறை. அதனுள் ஒரு மேசை, தொலைபேசிப் பலகை, ஒலிபெருக்கிக்கு ஒரு மைக், வெந்நீர்க் குடுவை. மேசைக் கண்ணாடியின் கீழ் மருத்துவமனையின் தொண்ணூற்றிரண்டு உள்ளிணைப்பு எண்கள் எழுதிய தாள் பழுப்பேறிக் கிடந்தது. பத்தொன்பது ஆண்டுகளாக அவ்வறையில் அமர்ந்திருப்பவருக்கு அத்தாளைப் பார்க்கும் தேவை எழுந்ததில்லை.

தலைமை மருத்துவர் முதல் தரை துடைப்பவர் வரை எல்லோருக்கும் அவர் 'போர்டம்மா'. கணவருக்கோ 'இந்தா'. பெற்றோர் இட்ட பெயர் ஒன்று, ஓரடிச் செய்யுள்போல் நீண்டு ஒலிப்பது, அவரை வேலைக்கு அமர்த்திய ஒப்பந்த நிறுவனத்தின் ஏட்டில் மட்டும் உறங்கியது. மருத்துவமனையின் ஏட்டில் அது ஏறவே இல்லை.

நான்கு மாதங்களுக்கு முன் ஒரு நாள், காலை பதினோரு மணிக்கு, ஓர் இளம்பெண்ணின் குரல் அப்பெயரை முழுமையாகச் சொல்லிக் கேட்டது.

"அவங்ககிட்ட பேசணுங்க. இணைக்க முடியுமா?"

"யார் பேசறதுன்னு சொல்லலாமா?"

"கடன் வசூல் பிரிவு."

தம்பி வேன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்திட்டவர் இவர். கைப்பேசி எண்ணோடு பணியிட எண்ணையும் படிவத்தில் நிரப்பியிருந்தார். பிறகு தவணை நின்றது, வேன் விலைபோயிற்று, தம்பியின் எண்ணும் அணைந்தது. இவையெல்லாம் நெஞ்சில் எழுமுன்னே பழகிய நா முந்திக்கொண்டது.

"அவங்க சீட்ல இல்லைங்க. தகவல் ஏதாவது சொல்லணுமா?"

தகவல் கேட்டால் எழுத வேண்டும். அது அவ்வறையின் விதி. மஞ்சள் தாளில் நாள், நேரம், யாரிடமிருந்து, யாருக்கு என்பவற்றை எழுதினார். யாருக்கு என்னுமிடத்தில் தம் பெயரை எழுதியபோது ஓரெழுத்துப் பிழையாயிற்று, அடித்துத் திருத்தினார். கொண்டு சேர்க்க வேண்டியவரும் தாமே ஆதலின், இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

பழம்பாடல்களில் வாயில் மறுத்தல் என்றொரு துறை உண்டு. தலைவன் விடுத்த தூதரைத் தோழி வாசலிலேயே தடுத்துத் திருப்பியனுப்புவாள். இங்கே தடுத்த தோழியும் உள்ளே ஒளிந்திருந்த தலைவியும் ஒருவரே. ஒருத்தியே இருவராய் நாள்தோறும் நிற்பதில் வரும் களைப்பை எப்பாட்டும் பாடியதில்லை.

பெண்குரல் நாள் தவறாமல் பதினொன்றுக்கு வந்தது. வாரங்கள் செல்லச் செல்ல 'மேடம்' தேய்ந்து 'அக்கா' ஆயிற்று.

"அக்கா, இன்னைக்காவது அந்தம்மா இருக்காங்களா?"

"இப்பதான் வெளிய போனாங்கம்மா."

"தினமும் வெளிய போறாங்களே! ஆஸ்பத்திரியில வேலை பாக்கறாங்களா, பஸ்ல வேலை பாக்கறாங்களா?"

போர்டம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே தாளில் எழுதினார்: மணி பதினொன்று இரண்டு, வசூல் பிரிவு, மீண்டும் அழைப்பார்கள்.

பிற்பகல் குரல் வேறு. அது ஓர் ஆணுடையது, வணக்கம் அறியாதது.

"கையெழுத்துப் போடறப்ப மட்டும் கை நீளுமா அவங்களுக்கு? ஆஸ்பத்திரி வாசல்ல வந்து உக்காந்துருவோம்னு சொல்லு."

"சொல்லிடறேன் சார்."

அதையும் எழுதினார், ஒரு சொல் குறையாமல்.

வீட்டிலும் விடுதலை இல்லை. கைப்பேசியின் ஒலியை அடைத்து மாவு டப்பாவுக்குள் வைத்தால், அது தகரத்தில் மோதிக் குளவிபோல் இரைந்தது. துண்டில் சுற்றி வைத்தார். அப்போதும் இரைச்சல் கேட்பதாகவே இருந்தது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற கணவருக்குக் காது மந்தம். டப்பா அதிர்வது கண்ணில் பட்டால் காதுக்கருவியைக் கழற்றி மேசையில் வைத்துவிடுவார்.

"குடுத்து வெச்ச காதுய்யா உங்களுக்கு."

"என்ன சொன்ன?"

"ஒண்ணுமில்ல. சாப்பிடுங்க."

ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகல். ஆண்குரலுக்கு வழக்கமான விடையைச் சொல்லிவிட்டு அவர் இணைப்பைத் துண்டித்தார். மறுகணமே மீண்டும் அழைப்பு. துண்டித்தால் அடுத்த இணைப்பில் அழைப்பு. வெளியிணைப்புகள் இரண்டே, இரண்டையும் வெவ்வேறு எண்களிலிருந்து மாறி மாறி அடைத்துக்கொண்டே இருந்தார்கள். ஒரு நொடி இடைவெளியில் வேறொரு குரல் உள்ளே விழுந்தது.

"பத்து நிமிஷமா அடிக்கறேன்! எங்கம்மா மூச்சு விட முடியாம கெடக்கறாங்க, எடுக்கவே மாட்டேங்கறீங்க!"

அடுத்த கணமே அவசர ஊர்திக்கு இணைத்தார். அந்தத் தாய் பிழைத்துக்கொண்டார். மாலைக்குள் மூன்று முறை வார்டுக்கு அழைத்து நிலை கேட்ட பின்னரே போர்டம்மா வெந்நீர்க் குடுவையைத் திறந்தார்.

"என்ன போர்டம்மா, உங்க சொந்தக்காரங்களா?" என்றாள் செவிலி.

"இல்லம்மா. சும்மாதான் கேட்டேன்."

இரவு உறக்கம் வரவில்லை. பத்து நிமிடம் என்ற சொல் மட்டும் திரும்பத் திரும்ப வந்தது.

மறுநாள் காலை பத்தே முக்காலுக்கு நிர்வாகி தலையைக் குனிந்து அவ்வறைக்குள் நுழைந்தார். பொறுப்பேற்று மூன்று மாதமே ஆனவர். முதல்நாள் மாலையில் பலகையைப் பார்த்துக்கொண்ட காவலாளி, அந்த ஆணின் அழைப்பை நேரே நிர்வாகியின் அறைக்கே இணைத்துவிட்டிருந்தார்.

"போர்டம்மா, எவனோ கடன்காரன் என்னையே மிரட்டறான். இந்தப் பேர்ல இங்க யாருன்னு தெரியல, ரிஜிஸ்டர்லயும் இல்ல. மைக்ல கூப்பிட்டு என் ரூமுக்கு வரச் சொல்லுங்க. நேத்து ஒரு உயிர் போயிருக்கும். யாரா இருந்தாலும் இன்னைக்கே கணக்கை முடிச்சு அனுப்பிடறேன்."

துண்டுச்சீட்டை வைத்துவிட்டுப் போனார். அதில் அந்த நீண்ட பெயர்.

வேலை போனால் வாடகைக்கு வழியில்லை. பேசாமல் இருந்தால் இந்த நாற்காலி நிலைக்கும். இன்னொரு பத்து நிமிடமும் வரும். போர்டம்மா மைக்கை அருகே இழுத்தார்.

"கவனிக்கவும்," என்று தொடங்கித் தம் பெயரைச் சொன்னார். "எங்கிருந்தாலும் உடனே நிர்வாகி அறைக்கு வரவும்."

பிறந்த குழந்தைகளின் அறையிலும் பிணவறை வாசலிலும் அப்பெயர் ஒருசேர ஒலித்தது. மூன்று முறை சொல்ல வேண்டும் என்பது விதி. மூன்று முறையும் சொன்னார். குரல் நடுங்கவில்லை. பத்தொன்பது ஆண்டுகள் பழகிய அக்குரல் உடையவரைவிட உறுதியானது.

பின் தலையில் மாட்டியிருந்த ஹெட்போனைக் கழற்றினார். இருக்கையை விட்டு எழுந்தால் அழைப்புகளை நிர்வாகியின் அறைக்குத் திருப்ப வேண்டும், திருப்பினார். இழுப்பறையிலிருந்த மஞ்சள் தாள்களை அள்ளிக்கொண்டு அங்கேயே நடந்தார்.

"என்னம்மா, போர்டை விட்டுட்டு வந்துட்டீங்க? அவங்க வந்தாங்களா?"

"வந்துட்டாங்க சார்."

நிர்வாகி அவருக்குப் பின்னால் கதவைப் பார்த்தார். யாரும் இல்லை. மேசைமீது தாள்கள் வந்து அமர்ந்தன.

"இதெல்லாம் அவங்களுக்கு வந்த தகவல். இருநூத்திப் பதினேழு. ஒண்ணு விடாம எழுதியிருக்கேன்."

நிர்வாகி தாள்களைப் புரட்டினார். எல்லாம் ஒரே கையெழுத்து. வாய் திறக்குமுன் தொலைபேசி மணி அடித்தது. பதினொன்று. எடுத்துக் கேட்டவர், மெல்ல நிமிர்ந்து எதிரே நின்றவரைப் பார்த்தார். போர்டம்மா கையை நீட்டினார்.

"நான்தான் பேசறேன்."

மறுமுனையில் இருந்தது அந்தப் பெண்குரல்.

"அக்கா... நீங்களா?"

"ஆமாம்மா. இன்னைக்குத்தான் நெசமா சீட்ல இல்ல." மூச்சு வாங்கிக்கொண்டார். "என் மொபைலுக்கு அடி. சாயங்காலம் ஆறு மணிக்கு எடுக்கறேன். மாசாமாசம் எவ்வளவு முடியும்னு சொல்றேன். இந்த நம்பருக்கு வேண்டாம், அந்த ஆளுகிட்டயும் சொல்லிடு. இங்க உயிருக்கு அடிக்கறவங்க இருக்காங்க."

"சரிக்கா," என்றது அந்தக் குரல். படித்துவைத்த மிரட்டல் ஒன்றும் அதற்கு நினைவுக்கு வரவில்லை போலும்.

நிர்வாகி தாள்களை அடுக்கித் தம் மேசைக்குள் வைத்துப் பூட்டினார்.

"கணக்கை முடிக்கறதப் பத்தி நாளைக்குப் பேசலாம். இப்ப போர்டுக்குப் போங்க. காலியா கெடக்கு."

அவர் சொன்ன அந்த 'நாளை' இன்னும் வரவில்லை.

அன்று மாலை வீட்டில் கைப்பேசி டப்பாவுக்குள் போகவில்லை. ஆறு மணிக்கு மேசைமீது அதிர்ந்தது. கணவரின் கை வழக்கம்போல் காதுக்குப் போயிற்று. மனைவி எழுந்து வந்து கைப்பேசியை எடுப்பதைக் கண்டு, கருவியைக் கழற்றாமல் அப்படியே விட்டார்.

"சொல்லும்மா," என்றார் மனைவி.