சாவாஸ் என்றொரு கிரேக்கர்

காலை பத்தே கால். மொன்றியல் நகரின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் 165ஆம் பேருந்தில் ஏறினோம். டவுன்டவுனுக்கு ஐந்து கிலோமீட்டர். என்னோடு வந்தவர், என் மகன் குடியிருக்கும் கட்டடத்தின் மூன்றாம் மாடிக்காரர், யாழ்ப்பாணத்துச் சவேரிமுத்து அண்ணை. கல்யாணத்துக்குப் போகிறவர் போலச் சட்டையை இஸ்திரி போட்டிருந்தார். கிரேக்கர்கள் மொன்றியலுக்குக் கொண்டுவந்த சாப்பாட்டைப் பற்றி ஓர் அருங்காட்சியகத்தில் கண்காட்சி. அண்ணை இருபத்திரண்டு வருடம் சமைத்த கிரேக்கக் கடையின் படமும் அங்கே இருக்கிறதாம்.

"வியாழக்கிழமை பேத்தியின்ர வகுப்பு வருது. அப்பப்பா படத்தில நிக்கிறார் எண்டு எல்லாருக்கும் சொல்லிப்போட்டாள். நிக்கிறனோ எண்டு முதல்ல நான் பாக்க வேணும்" என்றார்.

நுழைவுக் கட்டணம் பன்னிரண்டு டாலர். எங்களைப் போன்ற முதியவர்களுக்கு எட்டு. கண்ணாடிப் பெட்டிகளில் ஆலிவ் எண்ணெய்த் தகரங்கள், இறைச்சி சுடும் கம்பிகள், கையால் எழுதிய மெனு அட்டை. ஒலிபெருக்கியில் யாரோ "எலா! எலா!" என்று கத்த, அண்ணை குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

"முதல் நாள் முதலாளியும் இப்பிடித்தான் கத்தினவர். 'உனக்கு ஏலா', இந்த வேலை செய்ய முடியாது எண்டு சொல்லுறாராக்கும் எண்டு ஏப்ரனைக் கழட்டி வச்சிட்டு வெளிக்கிட்டிட்டன். பஸ் தரிப்பு மட்டும் பின்னால ஓடி வந்தார் மனுசன். கிரேக்கத்தில 'வா' எண்டுதான் அர்த்தமாம்!"

படம் கடைசி அறையில் இருந்தது. நான்கு பேர். வெள்ளைத் தொப்பியோடு நடுவில் நிற்பவர் சாட்சாத் நம் அண்ணைதான், மீசை மட்டும் கறுப்பு. கீழே பிரெஞ்சில் இருந்த வரியை அவரே படித்துச் சொன்னார்: "கிரேக்கச் சமையற்காரர் சாவாஸ்." சவேரிமுத்து வாயில் நுழையாமல் முதலாளி வைத்த பெயராம் அது. அவர் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"அநியாயமா இருக்கே அண்ணே! போய்க் கேளுங்க!"

"விடுங்கோ தம்பி" என்றவர், பேத்தியை நினைத்தாரோ என்னவோ, காவலுக்கு நின்ற பெண்ணிடம் தானே போய்ப் பிரெஞ்சில் பேசினார். அவள் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டாள். ஆனால் புதிதாக அச்சடிக்க இரண்டு வாரமாகுமாம். வியாழக்கிழமைக்கு மூன்றே நாள்! அதுவரை ஒட்டிவைக்க ஒரு வெற்று அட்டையும் பேனாவும் கொண்டுவந்து கொடுத்தாள்.

அண்ணை எழுதினார். தமிழில்: சவேரிமுத்து, யாழ்ப்பாணம்.

"பேத்திக்குத் தமிழ் படிக்கத் தெரியுமா, அண்ணே?"

"தெரியாது" என்றார். "வந்து என்னட்டைக் கேக்கட்டும்."